வண்டி ஆறு ஆனது, ஜெபம் நின்றது

வந்த கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன். பேரும் ஊர் விவரமும் எடுத்துவிட்டேன்.

"ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு 43 வயது. தூத்துக்குடி பக்கம் கன்டெய்னர் டிரெய்லர் தொழில். 2014ல் ஒரு பழைய லாரியோடு ஆரம்பித்தேன், அப்போது நானேதான் டிரைவர். 2020 ஊரடங்கில் வண்டி நின்றுபோனது, 2023 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு வண்டிக்கு இன்ஜினில் தண்ணீர் ஏறியது. ரெண்டு தடவையும் நானும் மனைவியும் ராத்திரி ராத்திரியாக முழங்காலில் நின்றோம், கர்த்தர் தூக்கிவிட்டார். இப்போது ஒரு கம்பெனியோடு நிரந்தர லோடு, ஆறு வண்டி சொந்தமாக ஓடுகிறது, போன வருஷம் வீடும் கட்டிப் பிரதிஷ்டை பண்ணினோம். நாலு வண்டிக்கு டியூ மாசம் 2,80,000 போகிறது, ஒரு நாள் தவறியதில்லை. இன்னும் நாலு டிரெய்லர் எடுக்கலாம் என்றிருக்கிறேன். வீட்டுப் பத்திரத்தை வைத்தால் மொத்தமாகப் பணம் தருகிறார்கள், எல்லாம் சேர்த்து மாசம் 3,40,000 கூடும், சமாளித்துவிடலாம். இடம் மாமனார் கொடுத்தது, வீடு மனைவி பெயரில். அவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். சாப்பிடும்போது 'அழிவுக்கு முன்னானது அகந்தை' என்று வசனம் சொன்னாள், தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். நான் விசுவாசத்தில்தான் எடுக்கிறேன் ஐயா. வருஷப்பிறப்பு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்தமே 'கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்' என்பதுதான். ஆனால் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜெபம் பண்ணி ரொம்ப நாளாகிறது. உட்கார்ந்தால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. இது விசுவாசமா, அகந்தையா? அவளுக்கு நீங்கள் ஒரு வார்த்தை எழுதக்கூடாதா? வெள்ளிக்கிழமை ஃபைனான்ஸ் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்."

தம்பிக்கு ஸ்தோத்திரம்.

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். உங்கள் மனைவிக்கு நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. சோற்றுத் தட்டுக்கு முன்னால் வசனத்தை எடுத்து வீசியது சரியில்லைதான், நீதிமொழிகள் 16:18 புருஷனை அடிக்கக் கொடுத்த கம்பு இல்லை என்று நான் சொன்னதாக அந்தச் சகோதரியிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் கையெழுத்து விஷயத்தில் நான் அவர் பக்கம். ஏன் என்று பின்னால் வருகிறேன், போதகராவதற்கு முன் ஒன்பது வருஷம் ஒரு வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தவன், அந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

நாலு டிரெய்லர், பத்திரம், வாக்குத்தத்தம் எல்லாவற்றையும் தாண்டி என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே வரி. 'உட்கார்ந்தால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.' இதை ஒளிக்காமல் எழுதினீர்களே, அதுவே பெரிய விஷயம். இத்தனை வருஷ ஊழியத்தில் கஷ்டம் தாங்காமல் விசுவாசத்தை விட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நன்றாக இருக்கும்போது சத்தமில்லாமல் நழுவியவர்கள்தான் ஏராளம். அவர்களில் பாதிப் பேர் சபையை விட்டுப் போகவே இல்லை, முன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காயை ஐயாயிரத்துக்கு எடுப்பதும் அவர்கள்தான்.

வீடு பிரதிஷ்டை பண்ணினோம் என்றீர்கள். அன்றைக்கு உங்கள் சபை ஐயர் எந்தச் சங்கீதத்தை வாசித்தாரோ தெரியாது, அநேகமாக 127 ஆக இருக்கும், நானும் அதைத்தான் வாசிப்பேன். ஆனால் வீட்டுப் பிரதிஷ்டைக்கு என்றே தலைப்புப் போட்ட ஒரு சங்கீதம் வேதத்தில் இருக்கிறது, 30ஆம் சங்கீதம். அதில் தாவீது சொல்கிறார்: "நான் ஒருபோதும் அசைக்கப்படுவதில்லை என்று என் வாழ்விலே சொன்னேன்." இந்த 'வாழ்விலே' என்பதை, ஏதோ வாழ்க்கையில் ஒரு நாள் சொன்னார் என்று படித்துவிட்டுப் போய்விடுகிறோம். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்கிறோமே, அந்த வாழ்வு இது. வாழ்ந்து கெட்ட குடும்பம் என்கிறோமே, அந்த வாழ்தல். கையில் நாலு காசு புழங்கி, வீடு எழும்பி, தெருவில் போனால் நாலு பேர் எழுந்து நிற்கிற காலம். அந்தக் காலத்தில் தாவீது வாயில் வந்த வார்த்தை அது.

அதில் என்ன தப்பு, விசுவாசமாகத்தானே பேசியிருக்கிறார் என்று கேட்பீர்கள். சரி, 16ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். கர்த்தரை எப்பொழுதும் எனக்கு முன்பாக வைத்திருக்கிறேன், அவர் என் வலதுபாரிசத்தில் இருக்கிறபடியால் நான் அசைக்கப்படுவதில்லை என்கிறார் அதே தாவீது. அதே 'அசைக்கப்படுவதில்லை'. இப்போது 10ஆம் சங்கீதத்தையும் பாருங்கள். அங்கே ஒரு துன்மார்க்கன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்கிறான், என்னவென்று? 'நான் அசைக்கப்படுவதில்லை' என்று. மூன்று இடத்திலும் ஒரே வாக்கியம் தம்பி. காதால் கேட்டு விசுவாசம் எது, அகந்தை எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, உங்கள் மனைவியாலும் முடியாது, என்னாலும் முடியாது. 16ல் இருந்து 30க்குள் எங்கேயோ அந்த 'இருக்கிறபடியால்' கழன்று விழுந்திருக்கிறது. எந்த நாளில் விழுந்தது என்று தாவீதுக்கே தெரிந்திருக்காது.

உங்களுக்கு எங்கே கழன்றது என்று கடிதத்திலேயே தேடிப் பார்த்தேன். 'ஆறு வண்டி சொந்தமாக ஓடுகிறது' என்று எழுதி, அடுத்த வரியிலேயே நாலு வண்டிக்கு டியூ என்கிறீர்கள். அப்படியானால் சொந்தம் ரெண்டுதானே! சிரிக்காதீர்கள், இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் 2020ல் யாராவது கேட்டிருந்தால் 'ரெண்டும் ஃபைனான்ஸ்காரன் வண்டிண்ணே, டியூ கட்டினாத்தான் நம்மது' என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அப்போது இருந்த கணக்குச் சுத்தம் இப்போது இல்லை. அப்புறம் வாக்குத்தத்தம். உபாகமம் 28:13 நல்ல வசனம்தான், ஆனால் அதே வசனம் கற்பனைகளுக்குச் செவிகொடுத்து நடந்தால் என்ற நிபந்தனையோடுதான் வருகிறது, வருஷப்பிறப்புக்குக் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் இடம் போதாமல் அந்தப் பாதியை விட்டுவிடுவார்கள். அதே புத்தகத்தில் இருபது அதிகாரம் முன்னால் இன்னொரு வசனம் இருக்கிறது, நல்ல வீடு கட்டி, ஆடுமாடு பெருகி, வெள்ளியும் பொன்னும் சேர்ந்தபிறகு 'என் சாமர்த்தியமும் என் கைபெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது' என்று உன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளாதே என்கிறது. வருஷப்பிறப்பு அட்டையில் அந்த வசனம் யாருக்காவது வந்து நான் பார்த்ததில்லை. வந்தால் மாற்றித் தரச் சொல்லி என்னிடமே வந்து நிற்பார்கள்.

உங்களைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. போதகராகிப் பன்னிரண்டு வருஷம் ஆன சமயம். சபை பெருகியது, கோயிலுக்கு மாடி எடுத்தோம், கன்வென்ஷனுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு வியாழனே உட்கார்ந்துவிடுவேன், அது மெல்ல மெல்லச் சனி ராத்திரி பத்து மணியாகி, அதுவும் பழைய நோட்டைப் புரட்டுவதாகி இருந்தது. ஒரு நாள் ஒரு அடக்க ஆராதனை. எத்தனையோ அடக்கம் பண்ணியாயிற்று, முறைமை எல்லாம் மனப்பாடம். வழக்கமாகக் கிளம்புமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் இறந்தவர் பேர், பிள்ளைகள் பேர் எழுதி வேதத்துக்குள் வைத்துக்கொள்வேன், அன்றைக்கு எழுதவில்லை. எதற்கு, தெரிந்த குடும்பம்தானே. குழிக்கு முன்னால் நின்று, கையில் மண்ணை எடுத்துக்கொண்டு, செத்துப்போனவர் பேருக்குப் பதிலாக எனக்குப் பக்கத்தில் உயிரோடு நிற்கிற அவர் தம்பியின் பேரைச் சொல்லிவிட்டேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த வீட்டு அம்மா மட்டும் முந்தானையிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் உட்கார்ந்தபோது கேட்பதற்கு நிறைய இருந்தது. அந்தத் துண்டுக் காகிதம் எழுதுவது ஏதோ ஞாபகத்துக்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எழுதும்போது ஒவ்வொரு பேராக மனசில் நிறுத்தி, இந்தக் குடும்பத்துக்கு முன்னால் நான் என்ன சொல்வேன் ஆண்டவரே என்று ஒரு பயம் வரும். அந்தப் பயம்தான் என் ஜெபமாக இருந்திருக்கிறது. பயம் போனதும் காகிதமும் போய்விட்டது.

இப்போது தட்டை வைத்துவிட்டு எழுந்த விஷயத்துக்கு வருகிறேன். 2 நாளாகமம் 26ஐ எடுத்து, அவசரமில்லாமல் வாசியுங்கள். உசியா ராஜா, பதினாறு வயதில் பட்டத்துக்கு வந்து 52 வருஷம் ஆண்டவன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல நிர்வாகி. கோபுரம் கட்டினான், துரவுகள் வெட்டினான், விவசாயத்தில் பிரியம் உள்ளவன், கோட்டை மேலிருந்து அம்பும் பெரிய கல்லும் எறிகிற யந்திரங்கள் செய்வித்தான். அவன் தேவனைத் தேடின நாட்களில் தேவன் அவன் காரியங்களை வாய்க்கப்பண்ணினார் என்று எழுதியிருக்கிறது. பலப்பட்டபிறகுதான் மனம் மேட்டிமையானது. மேட்டிமையாகி அவன் போய் விழுந்த இடம் எது என்று பாருங்கள், குடியோ கூத்தோ இல்லை, கர்த்தருடைய ஆலயம்! ஆசாரியர் செய்யவேண்டிய தூபம் காட்டுவதை நானே செய்கிறேன் என்று உள்ளே போனான். வெளியிலிருந்து பார்த்தால் ராஜாவுக்கு என்ன பக்தி என்றுதான் தோன்றும். அசரியா என்ற ஆசாரியனும் கூட 80 பேரும் போய் மறித்து, இது உமக்கு அடுத்ததல்ல, வெளியே போங்கள் என்றார்கள். உசியாவுக்குக் கோபம் வந்தது. தூபகலசம் கையில், கோபம் முகத்தில். நெற்றியில் குஷ்டம் தோன்றியது அந்த நேரத்தில்தான்.

உங்களுக்கு ஏதோ வந்துவிடும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கோபம் வந்த இடத்தைப் பாருங்கள் என்கிறேன். இத்தனை வருஷமாக லோடு லேட், டயர் வெடித்தது, பார்ட்டி பணம் இழுத்தடித்தது என்று எத்தனையோ 'முடியாது'களைக் கேட்டிருப்பீர்கள். ஒரு கையெழுத்துக்கு 'மாட்டேன்' என்று கேட்டதும் தட்டை வைத்துவிட்டு எழுந்திருக்கிறீர்கள். விசுவாசத்தில் எடுக்கிற முடிவுக்கு 'வேண்டாம்' என்ற பதிலும் ஒரு பதில்தான், அதைக் கேட்டால் வருத்தம் வரும், ஏன் என்று யோசனை வரும். 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று நாம் சொல்வது சில நேரம் அவரை ஜாமீன் கையெழுத்துப் போடக் கூப்பிடுவதுதான். கடன்காரரும் நாமே, தொகையை எழுதுவதும் நாமே, அவர் கீழே கையெழுத்து மட்டும் போடவேண்டும். வங்கியில் இருந்தபோது ஜாமீன் போட்டவர்களின் முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், பாவம், எவ்வளவுக்குப் போட்டோம் என்றுகூடப் பலருக்குத் தெரியாது.

நல்ல உதாரணம் வேண்டுமென்றால் மறுபடியும் தாவீதையே பிடியுங்கள், 2 சாமுவேல் 5. பெலிஸ்தர் ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் வந்து இறங்குகிறார்கள். போகலாமா என்று கர்த்தரிடத்தில் கேட்கிறார், போ என்கிறார், போய் ஜெயிக்கிறார். கொஞ்ச நாளில் அதே பெலிஸ்தர், அதே பள்ளத்தாக்கு. நானாக இருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன், போன வாரம் அடித்த ஆளைத்தானே அடிக்கப் போகிறோம். தாவீது இரண்டாம் தடவையும் கேட்டார். பதில் மாறியிருந்தது. நேராகப் போகாதே, அவர்களுக்குப் பின்னாலே சுற்றிப்போய், முசுக்கட்டைச் செடிகளின் நுனிகளில் இரைச்சல் கேட்கும்வரை பொறு என்று வந்தது. இரண்டாம் தடவை கேட்காமல் போயிருந்தால் முதல் தடவை கிடைத்த பதிலை வைத்துக்கொண்டு போயிருப்பார், அதுவும் கர்த்தர் கொடுத்த பதில்தான், ஆனால் பழசு. 2023 வெள்ளத்துக்குப் பிறகு துணிந்து வண்டி எடுத்தீர்கள், வாய்த்தது. அது அந்த வருஷத்துப் பதில். (எரிகோவை ஜெயித்த கையோடு ஆயி பட்டணத்துக்கு, அங்கே கொஞ்சம் பேர்தானே, இரண்டாயிரம் மூவாயிரம் பேர் போதும் என்று போய் 36 பேரைப் பறிகொடுத்ததையும் யோசுவா 7ல் பார்க்கலாம். எரிகோவில் எடுக்கக்கூடாத பொருளை ஆகான் என்பவன் திருடினதுதான் காரணம் என்பீர்கள், சரிதான், ஆனால் போகுமுன் கேட்டிருந்தால் ஆகான் விஷயம் முன்னமே தெரிந்திருக்குமே என்று எனக்குத் தோன்றும்.)

இனி வங்கிக்காரனாகப் பேசுகிறேன். இப்போது டியூ 2,80,000, புதிதாக 3,40,000, ஆக மாசம் 6,20,000. மூன்று மாசம் லோடு நின்றால் 18,60,000. டிரைவர் சம்பளம், பேட்டா, டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எல்லாம் இதற்கு மேலே. இந்தப் பதினெட்டு லட்சத்து அறுபதாயிரம் எங்கே இருக்கிறது? 'நிரந்தர லோடு' என்கிறீர்கள், அந்தக் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கும் காகிதத்தில் எத்தனை நாள் நோட்டீசில் உங்களை நிறுத்தலாம் என்று போட்டிருக்கிறது? காகிதமே இல்லையா? அப்படியானால் 'நிரந்தரம்' என்பது உங்கள் வார்த்தை, அவர்கள் வார்த்தை இல்லை. ஆறு வண்டிக்கும் லோடு ஒரே இடத்திலிருந்துதான் என்றால் பத்தாக ஆக்குவது தொழிலைப் பெருக்குவதில்லை, ஒரே ஆணியில் இன்னும் கொஞ்சம் கனத்தை மாட்டுவது. 95 சென்டிமீட்டர் மழை ஒரே நாளில் பெய்யும் என்று 2023 டிசம்பர் 16ஆம் தேதி காயல்பட்டினத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். கோபுரம் கட்டப்போகிறவன் முன்பு உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டவர் நம் ஆண்டவர்தான், கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

என் அபிப்பிராயம் கேட்டால், வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள். மாமனார் கொடுத்த இடம், உங்கள் பெண்டாட்டி பிள்ளைகள் படுத்துத் தூங்குகிற இடம், அது வண்டியோடு சேர்ந்து ஓடக்கூடாது. ஒரு டிரெய்லர் எடுங்கள், அதுவும் வேறொரு பார்ட்டியிடம் லோடு பேசி முடித்தபிறகு. தொழில் வளரவேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நன்றாக இருப்பதே பாவம், சிரித்தால் பின்னாலேயே அழவைப்பார் என்று கடவுளைப் பற்றி ஒரு பயம் நம் வீடுகளில் இருக்கிறது, உங்கள் மனைவிக்கும் கொஞ்சம் இருக்கலாம். பிரசங்கி 7:14 வாழ்வுகாலத்தில் நன்மையை அநுபவித்திரு என்றே சொல்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விட்டு வாருங்கள், நல்ல மீன் வாங்கிச் சாப்பிடுங்கள்.

கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்றீர்களே, அதற்கு வருகிறேன். 2014ல் சாவியைத் திருப்புமுன் ஸ்டியரிங்கில் கை வைத்து ஜெபம் பண்ணியிருப்பீர்கள், எனக்குத் தெரிந்த விசுவாசி டிரைவர்கள் எல்லோருமே அப்படித்தான். அப்போது ஆபத்தில் போவது உங்கள் உடம்பு. இப்போது ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தால் கை போவது போனுக்கு, ஜிபிஎஸ்ஸில் வண்டி எந்த டோல்கேட்டைத் தாண்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்கிறீர்கள். பார்ப்பதில் தப்பில்லை, நல்ல வசதிதான். ஆனால் அந்தப் புள்ளிக்குள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், முந்தின ராத்திரியும் தூங்காதவன், அவன் பிள்ளைக்குக் காய்ச்சலோ என்னவோ. உங்களுக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லையென்றால் அவனுக்குக் கேளுங்கள். ஆறு டிரைவர் பேரையும் ஒரு காகிதத்தில் எழுதி, அவர்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் எழுதுங்கள். எழுதத் தெரியவில்லையென்றால், அதாவது ஒருவன் பிள்ளை பேர்கூடத் தெரியாது என்றால், நாளைக்கு யார்டுக்குப் போய்க் கேளுங்கள், அங்கிருந்துதான் உங்கள் ஜெபம் திரும்ப ஆரம்பிக்கும் என்று நினைக்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டில் ஜெபம் நடக்கும்போது அந்தக் காகிதத்தோடு போய் உட்காருங்கள். பிரசங்கம் வேண்டாம், சாட்சி வேண்டாம், பேர்களை வாசித்தால் போதும்.

தட்டை வைத்துவிட்டு எழுந்ததற்கு மன்னிப்புக் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.

வெள்ளிக்கிழமை ஃபைனான்ஸ் ஆபீசுக்குப் போகவேண்டாம், அவர்கள் எங்கேயும் ஓடிவிட மாட்டார்கள், அடுத்த வெள்ளியும் போன் பண்ணுவார்கள். அதற்குள் அந்தக் கம்பெனி காகிதத்தைக் கண்டுபிடித்து, மூன்று மாசக் கணக்கை நோட்டில் எழுதி, அதை உங்கள் மனைவியிடம் காட்டி, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது வேண்டாம், அவர் சொன்னதை மட்டும்.